அருமை, அருமை, அருமை... போதும், நிறுத்துங்க சாமி!

நேரா விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். வெளியூர்த் தமிழர்களில் எழுத ஆசைப்படுகிறவர்களை ஒழித்துக்கட்டுவதில் முதலிடம் யாருக்கு? ஹிந்திக்கு இல்லை. இங்கிலீஷுக்கு இல்லை. டிவி சீரியலுக்குக்கூட இல்லை. 'அருமை' என்ற மூணெழுத்து வார்த்தைக்குத்தான்.

டெல்லியாகட்டும், மும்பையாகட்டும், புனேயாகட்டும், நாலு தமிழர்கள் கூடுகிற இடத்தில் எழுதுகிற ஆள் ஒருத்தர் கட்டாயம் இருப்பார். பேங்க் மேனேஜர், ராணுவக் கணக்குத் துறைக்காரர், சாஃப்ட்வேர் பையன், பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டு மத்தியானத்தில் நோட்டுப் புத்தகத்தைத் திறக்கிற இல்லத்தரசி. பொங்கல் விழாவிலோ, ஆண்டு விழாவிலோ அவரை மேடை ஏற்றுவார்கள். எழுதினதைப் படிப்பார். கைதட்டல். 'அருமை சார், கண்ணுல தண்ணி வந்துடுச்சு.' ஒரு சால்வை. பிறகு போண்டா, காபி. எல்லாரும் கார் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

அடுத்த வருஷம் அதே ஆள் அதே மாதிரி எழுதிக்கொண்டு வருவார். மூணாவது வருஷம் கைதட்டல் கொஞ்சம் குறையும். நாலாவது வருஷம் அவர் எழுதுவதையே விட்டிருப்பார். 'ஏன் சார் இப்பல்லாம் எழுதறதில்லை?' என்று கேட்டால், 'டைம் இல்லைங்க' என்பார். டைமெல்லாம் இருக்கிறது. அவர் எழுதினதை யாருமே படிக்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்துபோய்விட்டது, அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிர்க் கோஷ்டி ஒன்று உண்டு. அவர்கள் நக்கீரர் பரம்பரை. 1965-ல் வந்த 'திருவிளையாடல்' படத்தை ஐம்பது தடவை பார்த்துவிட்டு, பாவம் அந்த தருமியை விட்டுவிட்டு நக்கீரரை மட்டும் மனசில் ஏற்றிக்கொண்டவர்கள். யார் எதை எழுதிக்கொண்டு வந்தாலும் எழுந்து நின்று, 'இதெல்லாம் அறுபது வருஷம் முன்னாடியே எழுதியாச்சு', 'மூணாவது வரியில ஒற்று மிகணும்', 'முதல்ல நிறைய படிங்க, அப்புறம் எழுதலாம்' என்று போட்டுத் தாக்குவார்கள். தாங்கள் எழுதின ஒரு பக்கத்தைக்கூட இதுவரை யார் கண்ணிலும் காட்டியிருக்க மாட்டார்கள்!

அய்யா, அந்த நக்கீரர் பாண்டியன் சபையில் உட்கார்ந்திருந்தார். அங்கே பொற்கிழி இருந்தது. பரிசுக்கு வந்த பாட்டு தேறுமா தேறாதா என்று சொல்வது அவர் வேலை. நம் ஹாலில் பொற்கிழி எங்கே இருக்கிறது? மயூர் விஹாரில் ஒரு மாமி வீட்டு சோஃபாவில் உட்கார்ந்துகொண்டு யாருக்கு என்ன பரிசை மறுக்கப்போகிறீர்கள்? பரிசு கொடுக்கிற சபை வேறு, எழுதப் பழகுகிற சபை வேறு. இந்த வித்தியாசம் புரியாததால்தான் நம் ஊர்வலம் ஒன்று சால்வைக் கடையில் முடிகிறது, இல்லாவிட்டால் கசாப்புக் கடையில் முடிகிறது.

என் கட்சி இதுதான். ஆதரவு என்பதும் பாராட்டு என்பதும் ஒன்றே என்று நினைக்கிறோமே, அதுதான் கோளாறு. 'நீ எழுதினதை ரெண்டு தடவை படித்தேன். இந்த இடத்தில் எனக்கு இப்படித் தோன்றியது, அந்த இடத்தில் எனக்கு வழி தவறிப்போச்சு' என்று ஒருத்தர் மெனக்கெட்டுச் சொல்கிறாரே, அதைவிடப் பெரிய ஆதரவு எழுதுகிறவனுக்குக் கிடையாது. 'அருமை' என்பது ஆதரவே இல்லை. அது வழியனுப்புகிற வார்த்தை. கல்யாண வீட்டு வாசலில் கொடுக்கிற தாம்பூலப் பை மாதிரி.

ஆபீஸில் நாம் இப்படியா இருக்கிறோம்? நான் கட்டட டிசைன் வேலையில் இருக்கிறவன். நான் அனுப்புகிற எந்த டிராயிங்கும் 'அருமை' என்று திரும்பி வந்ததில்லை. சிவப்புப் பேனாவில் மேகம் மேகமாக வட்டம் போட்டுத்தான் வரும். 'இந்த பீமுக்கு ப்ளானில் ஒரு ஆழம், செக்‌ஷனில் வேறு ஆழம். எது சரி?' என்று ஒரு கேள்வி இருக்கும். செக் பண்ணுகிறவர், 'நீ எஞ்சினியரிங்குக்கே லாயக்கில்லை' என்று எழுதமாட்டார். 'ஆஹா, என்ன அழகான பீம்' என்றும் எழுதமாட்டார். எது புரியவில்லையோ அதைக் கேட்பார். அதனால்தான் கட்டடம் நிற்கிறது. நம்மில் சாஃப்ட்வேர்க்காரர்களுக்கும் கோட் ரிவ்யூ இல்லாமல் எதுவும் வெளியே போகாது. திங்கள் முதல் வெள்ளி வரை இதை ஒழுங்காகச் செய்கிற அதே ஜனங்கள், ஞாயிற்றுக்கிழமை இலக்கியக் கூட்டத்துக்கு வந்ததும் மூளையைச் செருப்போடு வாசலில் விட்டுவிடுகிறோம். என்ன கூத்து இது?

'வொர்க்‌ஷாப்பெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம்' என்று ஒரு பெரியவர் சொன்னார். பெயர் வேண்டுமானால் அவர்களுடையது. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் 1936-ல் எழுத்தாளர் பட்டறையைத் தொடங்கினார்கள். பழைய பாணி பட்டறையில் எழுதினவர் வாயைத் திறக்கக் கூடாது. மற்றவர்கள் அவர் கதையை அவர் முன்னாலேயே பேசுவார்கள், அவர் குறிப்பெடுத்துக்கொள்ளலாம். ஃப்ளானரி ஓ'கானர் மாதிரி பெரிய எழுத்தாளர்கள் அங்கே படித்திருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அந்த மௌன விதி பலரைக் காயப்படுத்தியிருக்கிறது என்று அங்கேயே சண்டை நடக்கிறது. மேத்யூ சலெஸெஸ் என்பவர் 2021-ல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். கதையைப் படிக்கிறவன் எந்த ஊர்க்காரன், எந்தப் பண்பாட்டுக்காரன் என்று தங்களுக்குள்ளேயே முடிவு செய்துகொண்டு, அதற்கு ஒத்துவராததையெல்லாம் குறை என்று சொல்வது நியாயமா என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. குர்காவ்ன் கூட்டத்தில் ஒரு திருநெல்வேலிக்காரர் 'ஏலே' என்று எழுதியதும் நாலு பேர், 'இது எல்லாருக்கும் புரியுமா சார்?' என்று கேட்டார்களே, அவர்களுக்கும் இது பொருந்தும்.

இன்னொருத்தர் பீட்டர் எல்போ. வாத்தியாரே இல்லாமல் எழுதப் பழகுவது பற்றி 1973-ல் புத்தகம் போட்டார். அவர் சொன்னது ரொம்ப எளிமை. தீர்ப்பு சொல்லாதே, படிக்கும்போது உன் மனசுக்குள் என்ன ஓடியது என்பதை ஒரு சினிமா மாதிரி அப்படியே சொல்லு. 'இங்கே சிரித்தேன். இங்கே எரிச்சல் வந்தது. இங்கே அந்தப் பாட்டி செத்துப்போய்விட்டாள் என்று நினைத்தேன், அடுத்த பக்கத்தில் அவள் காபி குடிக்கிறாள்.' இதைச் சொல்ல பண்டிதராக இருக்க வேண்டியதில்லை. படிக்கத் தெரிந்த யாரும் சொல்லலாம்.

லிஸ் லெர்மன் என்ற நடனக் கலைஞர் 1990-ல் ஒரு முறையை வகுத்தார். நாலு படி. முதலில் பார்த்தவர்கள் தங்களுக்கு எது பட்டது என்று சொல்வார்கள். ரெண்டாவது, படைத்தவர் கேள்வி கேட்பார். மூணாவது, பார்த்தவர்கள் உள்குத்து இல்லாத கேள்வி கேட்பார்கள். நாலாவது, 'இதைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கு, சொல்லலாமா?' என்று அனுமதி கேட்டுவிட்டுத்தான் அபிப்பிராயம். வேண்டாம் என்றால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். (நம் ஆட்களுக்கு இந்த நாலாவது படிதான் எவரெஸ்ட்.)

சரி, நம்மிடம் இது இல்லையா? தொல்காப்பியப் பாயிரத்தைப் பாருங்கள். நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டு ஆசான் முன்னால் நூல் அரங்கேறியது என்று பனம்பாரனார் சொல்கிறார். எழுதினதை நாலு பேர் முன்னால் வைத்து, குறை கேட்டு, பதில் சொல்லி, அப்புறம்தான் வெளியே விடுவது நம் பழக்கம்தான். இடையில் அரங்கேற்றம் என்றால் மேளதாளம், பட்டுப்புடவை, கிஃப்ட் கவர் என்று ஆகிவிட்டது. கேள்வி கேட்கிற பாகம் காணாமல் போய்விட்டது.

வெறும் தத்துவமாகப் பேசினால் ஒட்டாது. ஒரு உதாரணம் தருகிறேன். எங்கள் சின்னக் குழுவில் ஒரு அக்கா எழுதிக்கொண்டு வந்த பத்தி, அவர் அனுமதியோடு:

'அம்மா டெல்லிக்கு வந்த அன்று கடுங்குளிர். தாய்மையின் தியாகத்துக்கு ஈடு இணை ஏது? அவள் கொண்டுவந்த பையில் எங்களுக்கு வேண்டியது எல்லாம் இருந்தது. நாலாம் நாள் அம்மா ஊருக்குப் போகணும் என்றாள்.'

இதை அவர் ஏற்கெனவே வேறொரு மேடையில் படித்திருக்கிறார். கைதட்டல் வாங்கியிருக்கிறார். நக்கீரர் கோஷ்டியிடம் போயிருந்தால் 'தாய்மை, தியாகம், க்ளிஷே' என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். ரெண்டு பேருமே இந்தப் பத்தியைப் படிக்கவில்லை.

எங்கள் குழுவில் கேட்ட முதல் கேள்வி: 'பையில எல்லாம் இருந்துச்சுன்னு படிச்சதும் எனக்கு அந்தப் பையைத் திறந்து பார்க்கணும்னு இருந்துச்சு. என்னக்கா இருந்துச்சு?'

அக்கா யோசித்தார். 'வேப்பிலைக்கட்டி. நார்த்தங்காய் ஊறுகாய். ரெண்டு கிலோ இட்லி அரிசி. அப்புறம்... ஒரு டார்ச் லைட். டெல்லியில கரண்ட் போனா என்ன பண்ணுவீங்கன்னு கொண்டுவந்தா.'

எல்லாரும் சிரித்தோம். ரெண்டாவது கேள்வி: 'நாலாம் நாள் போகணும்னு சொன்னாங்கன்னதும் திக்குன்னு ஆயிடுச்சு. அதுக்கு முன்னாடி மூணு நாள் என்ன நடந்துச்சு?'

அக்கா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார். 'நாங்க ரெண்டு பேரும் ஆபீஸ் போயிடுவோம். குழந்தை ஸ்கூல். பதினோராவது மாடி. அம்மாவுக்கு ஹிந்தி தெரியாது. மூணாவது நாள் வாட்ச்மேன் எங்கிட்ட சொன்னான், ஆன்ட்டி லிஃப்ட்ல மேலயும் கீழயும் போயிட்டு வந்துட்டு இருந்தாங்கன்னு. அம்மாகிட்ட கேட்டேன். லிஃப்ட்ல யாராவது ஏறுவாங்க, ஒரு நமஸ்தே சொல்லுவாங்க, அதுக்குத்தான்னா.'

யாரும் 'அருமை' சொல்லவில்லை. யாருக்கும் பேச்சே வரவில்லை.

அடுத்த மாதம் அவர் திருத்திக்கொண்டு வந்ததில் தாய்மையும் தியாகமும் இல்லை. யாரும் எடுக்கச் சொல்லவில்லை, அவரே எடுத்திருந்தார். டார்ச் லைட் இருந்தது, லிஃப்ட் இருந்தது. இப்போது சொல்லுங்கள். அந்த லிஃப்டை இவ்வளவு நாள் மூடி வைத்திருந்தது எது? கைதட்டல்தானே? 'பிரமாதம்' என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் தோண்ட யாருக்குத் தோன்றும்?

அடுத்தது எழுத்துப்பிழை. இதில் எனக்குக் கோபம் அதிகம். நம் பிள்ளைகள் பாதிப் பேருக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்துப் பள்ளிகளில் படிக்கிற பிள்ளைகளுக்குப் பரவாயில்லை, தமிழ் பாடமாக இருக்கிறது. மற்ற பிள்ளைகள் வீட்டில் அம்மா சொல்லிக்கொடுத்த அளவுதான். எனக்குத் தெரிந்த பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, தாத்தாவைப் பற்றித் தமிழில் ஒரு பக்கம் எழுதி ஒரு போட்டிக்குக் கொடுத்தாள். ர, ற தகராறு. ன, ண தகராறு. ஒவ்வொன்றையும் சிவப்பில் சுழித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். தாத்தாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதற்கப்புறம் அவள் தமிழில் எழுதவில்லை. இங்கிலீஷில் எழுதுகிறாள், பள்ளி மலரில் வருகிறது. தமிழைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டு தமிழில் எழுத வந்த ஒரு பிள்ளையைத் துரத்திவிட்டோம். நல்ல காவல்!

பிழை திருத்த வேண்டாம் என்று சொல்லவில்லை. கடைசியில் திருத்துங்கள், பென்சிலில் திருத்துங்கள், தாளில் திருத்துங்கள். சபையில் வாய்விட்டுத் திருத்தாதீர்கள். கட்டடத்துக்குப் பெயின்ட் அடிப்பது முக்கியம்தான். அஸ்திவாரம் தோண்டும்போதே பெயின்ட் டப்பாவோடு வந்து நிற்கக் கூடாது.

'எழுத்தெல்லாம் சொல்லிக்கொடுத்து வருமா? அது பிறவியிலேயே வரணும்' என்பார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கப் போவதில்லையே! குழு கொடுப்பது ஒன்றே ஒன்றுதான்: படிக்கிற ஆள். தனியாக எழுதுகிறவனுக்குத் தன் மனசில் இருப்பது எல்லாம் தாளில் வந்துவிட்டதாகத் தோன்றும். எவ்வளவு வந்திருக்கிறது என்று அடுத்தவன்தான் சொல்ல முடியும். இன்னொரு ஆட்சேபம், 'குழுவில் உட்கார்ந்தால் எல்லாரும் ஒரே மாதிரி எழுத ஆரம்பித்துவிடுவார்கள்' என்பது. இதில் விஷயம் இருக்கிறது, அயோவா பாணிப் பட்டறைகள் மேலும் இந்தக் குற்றச்சாட்டு உண்டு. முடிவை இப்படி மாத்து, அப்பாவைக் கெட்டவனாக்கு என்று ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்தால் அப்படித்தான் ஆகும். அதனால்தான் சொல்கிறேன், கேள்வி கேளுங்கள், மருந்து எழுதிக்கொடுக்காதீர்கள். எங்கே வலிக்கிறது என்று படித்தவர் சொல்லட்டும். என்ன செய்வது என்று எழுதினவர் பார்த்துக்கொள்வார்.

இதெல்லாம் ஏன் இவ்வளவு முக்கியம்? பொழுதுபோகாமல் எழுதுகிறவர்கள் எழுதினால் என்ன, விட்டால் என்ன?

கணையாழி 1965-ல் டெல்லியில்தான் தொடங்கியது. பத்திரிகையாளர் கஸ்தூரிரங்கன் தொடங்கினார். இந்திரா பார்த்தசாரதி இங்கே பல்கலைக்கழகத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டே எழுதினார். தி.ஜானகிராமன் இங்கே வானொலியில் வேலை பார்த்தார். ஆதவன் இங்கே இருந்துதான் எழுதினார். நாஞ்சில் நாடன் மும்பையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதத் தொடங்கினார், 1975-ல் தீபம் இதழில் அவர் முதல் கதை வந்தது. 'தந்திர பூமி'யும் 'காகித மலர்க'ளும் இருப்பதால்தான் அந்தக் கால டெல்லித் தமிழர்கள் எப்படிப் பேசினார்கள், எதற்குக் கூனிக்குறுகினார்கள், எதற்குப் பொய் சொன்னார்கள் என்று நமக்குத் தெரிகிறது. நம்மைப் பற்றி யார் எழுதியிருக்கிறார்கள்? நொய்டாவில் பதினெட்டாவது மாடியில் கொலு வைத்துவிட்டு சுண்டல் கொடுக்க ஆள் தேடுவதை, பஞ்சாபி மருமகளிடம் ஹிந்தியில் ரசம் சொல்லிக்கொடுக்கிற மாமியாரை, கொரோனா சமயத்தில் 2020-ல் ஊரில் அப்பா செத்துப்போய், இங்கே இருந்து வீடியோவில் பார்த்த பிள்ளைகளை? இதை சென்னையில் இருக்கிற எழுத்தாளர் வந்து எழுதமாட்டார். அவருக்குத் தெரியாது. நாம்தான் எழுத வேண்டும். பெரிய இலக்கியமாக வரவேண்டிய அவசியம்கூட இல்லை. நம் பேரப்பிள்ளைகள் படித்தால் புரிகிற மாதிரி, உண்மையாக வந்தால் போதும். அதற்காகவாவது ஒருத்தரை ஒருத்தர் ஒழுங்காகப் படிப்போம்.

செய்ய வேண்டியது ஒன்றும் பிரமாதமில்லை. எங்கள் அனுபவத்தில் தேறினது இவ்வளவுதான்:

1. ஆறு பேர், மிஞ்சினால் எட்டு. அதற்கு மேல் போனால் அது கூட்டம், மைக் கேட்கும்.

2. எழுதினதை ரெண்டு நாள் முன்னாலேயே எல்லாருக்கும் கொடுத்துவிட வேண்டும். படிக்காமல் வருகிறவர் அன்றைக்குக் காபி போடலாம், கருத்து சொல்லக் கூடாது.

3. எழுதினவர் ஒரு பத்தியாவது வாய்விட்டுப் படிக்க வேண்டும். நாக்கு தடுக்குகிற இடம் அவருக்கே தெரிந்துவிடும்.

4. முதல் சுற்றில், மனசில் ஒட்டின வரியை மட்டும் சொல்ல வேண்டும். இரண்டாம் சுற்று கேள்விகள். எழுதினவர் தாராளமாகப் பேசலாம். அபிப்பிராயம் கடைசியில், கேட்டுக்கொண்டு.

5. 'அருமை', 'சூப்பர்', 'குப்பை' மூன்றுக்கும் அபராதம் பத்து ரூபாய். (எங்கள் உண்டியலில் இதுவரை சேர்ந்ததில் ஒரு தடவை எல்லாரும் சரவண பவன் போய்விட்டு வந்தோம்.)

6. முறை வைத்து எல்லாரும் எழுதிக்கொண்டு வர வேண்டும், தமிழ் எம்.ஏ. படித்தவர் உட்பட. தன் பக்கத்தை நீட்டாதவருக்கு அடுத்தவர் பக்கத்தைத் தொட உரிமை இல்லை. நக்கீரர்கள் தானாகவே இளகிவிடுவார்கள்.

7. புருஷன் எழுதினதைப் பெண்டாட்டியோ, பெண்டாட்டி எழுதினதைப் புருஷனோ முதல் ஆறு மாதத்துக்கு வாயே திறக்கக் கூடாது. காரணம் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

ஹால் வாடகை வேண்டாம், சிறப்பு விருந்தினர் வேண்டாம், ஃப்ளெக்ஸ் பேனர் வேண்டாம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ரெண்டு மணி நேரம், ஒருத்தர் வீட்டு வரவேற்பறை. வர்ற வாரமே ஆரம்பிக்கலாம்.

சால்வைகளை என்ன செய்வது என்று கேட்காதீர்கள். டெல்லியில் குளிர்காலம் வந்தால் அதற்கும் உபயோகம் உண்டு.